நீலகிரித் தைலம்: எத்தனை சொட்டு?

கேள்வி: ஊட்டியில் வாங்கிய நீலகிரித் தைலத்தில் ஆவி பிடித்தால் கண் எரிகிறது. மூட்டுவலிக்கு அப்படியே தேய்க்கலாமா? மூன்று வயதுப் பேரனுக்கு?

பதில்: சொட்டு கூடிவிட்டது. தைலம் தண்ணீரில் கரையாது; மேலே மிதந்து ஒரேயடியாக ஆவியாகிக் கண்ணைக் கரிக்கும். கொதி அடங்கிய அரை லிட்டர் வெந்நீருக்கு 2 சொட்டு. கண்ணை மூடி 5 நிமிடம். தைலத்திலுள்ள சினியோல் என்ற முக்கிய வேதிப்பொருள் மூக்கடைப்பு விட்டாற்போல் காட்டும், அவ்வளவுதான், சளியைக் குணமாக்காது. ஆஸ்துமா இருந்தால் வேண்டாம்.

மூட்டுக்கு 30 மி.லி. தேங்காயெண்ணெயில் 12 சொட்டு. எரிந்தால் தேங்காயெண்ணெயாலேயே துடைத்து, பிறகு சோப்புப் போடுங்கள்.

பேரனுக்கு ஆவியும் வேண்டாம், மூக்கருகே தடவலும் வேண்டாம். ஒரு தேக்கரண்டி விழுங்கினாலே வலிப்பு வரலாம். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.