பதில்: டான் ட்ரானில் கம்பி தொளதொளக்கிறது, குதிரை சரிகிறது

வணக்கம். கம்பி தொளதொளக்கிறது, குதிரை (கம்பியைத் தாங்கும், நகர்த்தக்கூடிய சிறு தாங்கி) சரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் 17 கம்பி டான் ட்ரானில் (கிடத்தி வைத்து மீட்டும் வியட்நாம் தந்தி வாத்தியம்) கோளாறு எதுவும் தெரியவில்லை. நீங்கள் பின்பற்றியது 21 கம்பி குஜெங்கின் (இதேபோன்ற சீன வாத்தியம்) சுருதி அட்டவணை, அதுதான் சிக்கல். டான் ட்ரான் சீனத்து ஜெங்கிலிருந்து (குஜெங்கின் பழைய வடிவம்) வந்த வாத்தியம் என்பது சரி. ஆனால் இன்றைய குஜெங் சுமார் 163 செ.மீ., உங்களுடையது சுமார் 110. அந்த அட்டவணைப்படி 17ஆம் கம்பியை அவ்வளவு கீழே இறக்கினால் இழுவிசையே இருக்காது. கம்பி உறுமும், குதிரை சாயும்.

மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில் சொன்னால், குஜெங்குக்கு டி, இ, எஃப் ஷார்ப், ஏ, பி. உங்களுக்கு ஜி, ஏ, சி, டி, இ. தடித்த கம்பி ஜி. (இரண்டும் மோகனம்தான், ஆதார சட்ஜம் மட்டும் டி, சி என்று மாறும்.)

குதிரைகளை ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். ஒவ்வொன்றாக நிமிர்த்தி, அடிப்பாகம் பலகையில் முழுதாகப் படிகிறதா என்று பாருங்கள். முறுக்காணியில் சுருதிக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டு, மிச்சத்தைக் குதிரையை நகர்த்திச் சரிசெய்யுங்கள்: மீட்டும் பக்கம் தள்ளினால் ஏறும். எல்லாம் முடிந்ததும் மறுபடி ஒரு சுற்று. பலகை அழுந்துவதால் முதலில் சேர்த்தவை இறங்கியிருக்கும்.

வாங்கி வைத்திருக்கும் குஜெங் கம்பிகளைப் போடாதீர்கள். அவை நைலான் சுற்றிய தடித்த கம்பிகள். குதிரையின் பள்ளத்தில் உட்காராது, இடக்கையால் அழுத்திக் கமகம் கொடுக்கவும் வளையாது. டான் ட்ரானுக்கென்றே விற்கும் மெல்லிய எஃகுக் கம்பிதான் வேண்டும்.