விண்கப்பல்ல டீ ஆத்தினா எங்க விழும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எனக்கு தூத்தூர் பக்கம், பிளஸ் டூ படிக்கேன். விண்கப்பல்லயே பொறந்து வளந்த 16 வயசு பொண்ணை வெச்சு ஒரு கதை எழுதுதேன், லேசர் சண்டை எல்லாம் இருக்கு. ஆனா கூட படிக்கிறவ வாசிச்சிட்டு "அந்தப் பொண்ணு யாருன்னே தெரியலடி"ன்னுட்டா. என்ன செய்யட்டும்?

பதில்: உன் தோழி சரியாத்தான் சொல்லிருக்கா மக்கா, அவளை விட்டுராத. சண்டையை ஓரமா வெச்சிட்டு உங்க ஊரு போட்டைப் பாரு. ஆயிரங்கால் தூண்டிலோட சுறா புடிக்க ஆழ்கடலுக்குப் போனா கரைக்கு வர வாரக்கணக்கா ஆகுது, அத்தனை நாளும் பத்துப் பன்னெண்டு பேரு ஒரு சின்ன இடத்துல, நல்ல தண்ணி அளந்துதான், யாரு மேல கோவம்னாலும் எறங்கிப் போக முடியாது. உன் கப்பலும் அதேதான். எங்க மாமா சொல்லுவாரு, எஞ்சின் சத்தத்துலதான் எல்லாருக்கும் நல்ல உறக்கம் வரும், நடுராத்திரி அது நின்னா அத்தனை பேரும் ஒண்ணா முழிச்சுக்குவாங்கன்னு. விண்கப்பல்ல அந்தச் சத்தம் ஃபேன் சத்தம். எடையில்லாத இடத்துல சூடான காத்து மேல போகாது, அதனால தூங்குறவ விட்ட மூச்சு அவ மூஞ்சியைச் சுத்தியே தங்கிரும், ஃபேன்தான் அதைத் தள்ளி விடணும். ஃபேன் நின்னுபோய் அவ முழிக்கிற எடத்துல கதையை ஆரம்பி, லேசரே வேண்டாம்.

ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. போட்டுல போறவங்க திரும்பி வரத்தான் போறாங்க. இவ? கப்பல் வேற நட்சத்திரத்துக்குப் போகுதுன்னு வெச்சுக்க. சூரியனை விட்டா நமக்குப் பக்கத்துல உள்ள நட்சத்திரம் பிராக்சிமா சென்டாரி, 4.24 ஒளியாண்டு (ஒளி ஒரு வருஷத்துல போற தூரம்தான் ஒரு ஒளியாண்டு). நாசா அனுப்புன வாயேஜர் 1 விண்கலம் செகண்டுக்கு 17 கி.மீ. போகுது, அந்த வேகத்துல கிட்டத்தட்ட 75,000 வருஷம் ஆகும். 100 மடங்கு வேகமா போனாலும் 750 வருஷம், அப்போ ஏறுனவங்களும் போய்ச் சேர மாட்டாங்க, அவளும் சேர மாட்டா. "என்னைக் கேக்காம ஏன் இதுல பெத்தீங்க"ன்னு அவ அம்மாகிட்ட கேக்குற சீனை எழுதும்மா, அம்மா என்ன சொல்லுவான்னு தெரிஞ்சுக்க நான் காத்திருக்கேன்.

கேள்வி: கப்பலைச் சுத்த விட்டா எடை வந்துருமாமே, உண்மையா? (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: உண்மைதான். 224 மீட்டர் ஆரம் உள்ள வளையம் நிமிஷத்துக்கு 2 தடவை சுத்தினா, உள்ள ஓரத்துல நிக்குறவருக்கு பூமில உள்ள அதே எடை இருக்கும். ஆனா அச்சு அசலா பூமி மாதிரி இருக்காது, அதுதான் கதை எழுதுறவங்களுக்கு லட்டு. நம்ம டீக்கடைல ஆத்துற மாதிரி ஒரு மீட்டர் உயரத்துல இருந்து ஊத்துனா டீ நேரா விழாது, சுத்துற திசைக்கு எதிரா சுமார் 6 சென்டிமீட்டர் தள்ளி விழும், கிளாஸுக்குள்ள விழாம தப்பிப்போற தூரம். அங்கேயே பொறந்த பையன் அந்த 6 சென்டிமீட்டரை யோசிக்காமலே கணக்குல வெச்சு அழகா ஆத்துவான். அவன் ஒருநாள் நிஜமான தரைல எறங்கி, மொத டீயை பூரா கைல கொட்டிக்கிட்டான்னா? அந்தக் கை சூட்டுல அவனுக்குப் புரியும், இது வேற இடம்னு.

கேள்வி: விண்கப்பல்ல விடியுறது எப்படித் தெரியும்?

பதில்: சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்துல 90 நிமிஷத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுத்துது, அதனால ஒரு நாளைக்கு 16 சூரிய உதயம். சூரியனை விட்டு தூரமா போயிட்ட கப்பல்ல ஒண்ணுகூட கிடையாது, லைட்டைக் கூட்டிக் கொறைச்சுத்தான் காலையும் ராத்திரியும். அப்படி ஒரு கப்பல்ல ஒரு பாட்டி பேத்திகிட்ட, கன்னியாகுமரில சித்ரா பௌர்ணமி அன்னைக்கு ஒரு பக்கம் சூரியன் எறங்க மறுபக்கம் நிலா ஏறும்னு சொல்றா, பேத்தி "ரெண்டு லைட்டையும் யாரு பாட்டி போட்டா?"ன்னு கேக்குறா. எழுதுறதுக்கு முன்னாடி நாகர்கோவில்ல பஸ் ஏறி, அந்த சாயங்காலம் கடற்கரைல போய் நின்னு பாத்துட்டு வாங்க.