டிரம்பெட்டின் இரண்டாம் வால்வு சிக்குவது குறித்து

வணக்கம். ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவித் தேங்காய் எண்ணெய் விட்டபின் மகளின் டிரம்பெட் ஊதுகருவியில் இரண்டாம் வால்வு (விரலால் அழுத்தும் உருளை) மேலெழவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வால்வுக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி மயிரிழையினும் நுண்ணியது. அதில் தேங்காய் எண்ணெய் பிசுக்காகிவிடும், நம் கிருஷ்ணகிரிப் பக்கத்து உப்புநீர் காய்ந்தாலோ வெண்படிவு தங்கிவிடும். ஆகவே வால்வுகளை எண் பார்த்துக் கழற்றி, மேலுள்ள கம்பளி வளையம் நனையாதவாறு, பாத்திரம் துலக்கும் திரவம் சில துளி கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, உறைக்குள் நூல் பிரியாத பருத்தித் துணியை இழுத்துத் துடையுங்கள். கொதிநீர் வேண்டவே வேண்டாம், மேற்பூச்சு உரிந்துவிடும். கடைசி அலசலுக்கு வடிகட்டிய குடிநீரே நல்லது. உலர்ந்தபின் வாத்தியக் கடையில் கிடைக்கும் வால்வு ஆயிலை நான்கைந்து துளி விட்டு, அந்தந்த உறையிலேயே பொருத்துங்கள். மாற்றிப் போட்டால் காற்றே சரியாகப் போகாது. அப்போதும் சிக்கினால் உறை நசுங்கியிருக்கலாம். தயவுசெய்து உப்புத்தாளால் தேய்க்காமல், பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.