இரண்டு நம்பர் பெரிய சப்பாத்தும் தடுக்கி விழும் பிள்ளையும்

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகனுக்கு 7 வயது, தரம் 2 படிக்கிறான். கால் கெதியாக வளர்கிறதே என்று முதலாம் தவணைக்கு முன்பு இரண்டு நம்பர் பெரிதாகச் சப்பாத்து வாங்கி, முன்பக்கம் பஞ்சு வைத்துக் கொடுத்தேன். இப்போது இரண்டு குதியிலும் கொப்புளம். ஓடும்போது அடிக்கடி தடுக்கி விழுகிறான் என்று வகுப்பு ரீச்சரும் சொல்கிறார். பாதம் தட்டையாக இருப்பதால்தான் விழுகிறான் என்கிறார் மாமி. கடையில் உள்ளே வளைவு வைத்த, விலைகூடிய சப்பாத்து ஒன்றைக் காட்டினார்கள். அதை வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். பிள்ளைகளின் கால்களைப் பார்க்கும் இயன்மருத்துவர் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் எழுதியதைப் பார்த்தால், கொப்புளத்துக்கும் விழுவதற்கும் அந்த இரண்டு நம்பர்தான் முதல் சந்தேகம்.

நம் கடைகளில் அதிகம் புழங்குவது பிரித்தானிய நம்பர். அதில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் இடையே அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு, அதாவது ஏறக்குறைய எட்டரை மில்லிமீற்றர் வித்தியாசம். இரண்டு நம்பர் என்றால் 17 மில்லிமீற்றர். சரியான சப்பாத்திலேயே விரலுக்கு முன்னால் ஒரு சென்ரிமீற்றர் இடம் இருக்கும். இரண்டையும் கூட்டினால், வாங்கிய அன்றைக்கு உங்கள் மகனின் விரலுக்கு முன்னால் ஒரு அங்குலத்துக்கும் மேல் வெற்றிடம். பஞ்சு சில நாளில் அமுங்கிவிடும். பிறகு ஒவ்வொரு அடிக்கும் கால் முன்னால் வழுக்கும், குதி மேலே எழும்பி உரசும். கொப்புளம் அப்படித்தான் வருகிறது. இன்னொன்றும் நடக்கிறது. நடக்கும்போது பாதம் விரல்கள் தொடங்கும் இடத்தில் மடிகிறது. சப்பாத்தும் அதே இடத்தில் மடிய வேண்டும். நீளம் கூடினால் அதன் மடிப்பு முன்னால் தள்ளிப்போகும், முனை தரையில் தட்டும். பிள்ளை விழாமல் என்ன செய்வான்?

இதற்காக மனம் வருந்த வேண்டாம். சப்பாத்து விற்கிற விலையில் ஒரு சோடி வருடம் முழுக்க வரவேண்டும் என்று நினைப்பது நியாயம்தான். "வளருற பிள்ளைதானே, பெரிசா எடுங்கோ" என்று கடையிலும் சொல்வார்கள். என் அம்மாவும் எனக்குப் பஞ்சு வைத்துத்தான் அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றி எறிந்த ஆறுதல் இன்னும் நினைவிருக்கிறது.

சரி, அளப்பது எப்படி? கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே அளந்துவிடுங்கள். காலையில் வேண்டாம். நாள் முழுக்க ஓடியாடிய பிறகு கால் சற்று வீங்கியிருக்கும், அதனால் பின்னேரம்தான் நல்லது. பாடசாலைக்குப் போடும் சொக்ஸையே போட்டுவிட்டு, சுவரோடு ஒட்டி ஒரு கடதாசி விரித்து, குதி சுவரில் முட்டும்படி பிள்ளையை நிற்க வையுங்கள். உட்கார வைத்து அளக்கக்கூடாது. உடம்பின் பாரம் இறங்கினால்தான் பாதம் தன் முழு நீளத்துக்கு விரியும். எந்த விரல் நீளமோ அதன் முனையில் கோடு போடுங்கள். சிலருக்குப் பெருவிரலை விட இரண்டாம் விரல் நீளம். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். அநேகமானவர்களுக்கு ஒரு கால் மற்றதை விடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும்.

அந்த அளவோடு ஒரு சென்ரிமீற்றர் கூட்டி, ஒரு விரல் அகலத்தில் தடித்த மட்டைத் துண்டு ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். கடையில் அதைச் சப்பாத்துக்குள் குதியிலிருந்து முனைவரை படுக்க வையுங்கள். மட்டை மடங்கினால் சப்பாத்து சிறிது. முனையில் ஒரு நூல் இடைவெளியோடு தட்டையாகக் கிடந்தால் நீளம் சரி. அரை சென்ரிமீற்றருக்கு மேல் முன்னும் பின்னும் ஓடினால் பெரிது. டிசம்பர் நெரிசலில் புறக்கோட்டைக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போக முடியாதவர்களுக்கு இந்த மட்டை பெரிய உதவி. ஒரு கொம்பனியின் 12 மற்றக் கொம்பனியின் 12 போல இருக்காது, அதனால் நம்பரை விட மட்டையை நம்புங்கள். சிறுவர் நம்பர் 13-உடன் முடிந்து மறுபடி 1-இல் தொடங்கும் என்பதையும் மனதில் வையுங்கள். கடைக்காரரிடம் வெறுமனே "2 தாங்க" என்றால் குழப்பம் வரும்.

ஆனால் மட்டை சொல்வது நீளத்தை மட்டும். அகலத்துக்கு, உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் தாள் (இன்சோல்) கழன்று வருமானால் அதை வெளியே எடுத்துப் பிள்ளையை அதன்மேல் நிற்க வையுங்கள். பாதம் ஓரங்களில் வழிந்தால் நீளம் சரியாக இருந்தும் சுண்டுவிரல் நசுங்கும். முடிந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு சப்பாத்தையும் கட்டிக் கடைக்குள் நடக்கவிட்டு, பின்னால் நின்று குதியைப் பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் குதி எழும்பினால் அந்தச் சப்பாத்து வேண்டாம். "போடப் போட இளகிவிடும்" என்ற பேச்சையும் கேட்க வேண்டாம். முதல் நாளே சுகமாக இருக்க வேண்டும்.

கால் தாங்கப்படுவது உள்ளே வைக்கும் வளைவால் என்று பலர் நினைக்கிறார்கள். பிள்ளைக்கு முக்கியமானது குதியைச் சுற்றியிருக்கும் பின்பக்கம். அதைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அமுக்கிப் பாருங்கள், சப்பையாகிவிட்டால் விட்டுவிடுங்கள். அடுத்து முனையையும் குதியையும் பிடித்து மடியுங்கள்: விரல் பக்கம் மடியலாம், நடுவில் மடியக்கூடாது. ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கினால் எளிதில் முறுகவும் கூடாது. பாதத்தின் மேற்பகுதியை லேஸோ வெல்குரோ பட்டியோ இறுக்கிப் பிடிக்க வேண்டும். 7 வயதுப் பிள்ளைக்கு வெல்குரோ நல்லது. லேஸைத் தானாகக் கட்டத் தெரியாதவன் அவிழ்ந்த லேஸோடுதான் ஓடுவான். பெண்பிள்ளைகளுக்கு விற்கும், கட்டு எதுவுமில்லாமல் நழுவிப் போடும் சப்பாத்தை நாள் முழுக்கப் போட நான் சொல்வதில்லை. விழாமல் பிடிக்க விரல்கள் எந்நேரமும் இறுகிக்கொண்டே இருக்கும்.

வெள்ளைக் கன்வஸ் பாவமில்லை. கழுவலாம், காய்ந்துவிடும், விலையும் குறைவு. பின்பக்கம் உறுதியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வாங்க முன் பாடசாலையில் எந்த நிறம், எந்த மாதிரி கேட்கிறார்கள் என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்த வயதில் பாதம் வருடத்துக்குச் சுமார் ஒரு சென்ரிமீற்றர் வளரும். அதனால் சரியான அளவில் வாங்கினால் ஒரு சோடி ஆறு மாதம், சிலருக்கு எட்டு மாதம் வரும். ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் பழைய மட்டையை எடுத்துப் பிள்ளையின் காலோடு ஒப்பிடுங்கள். மிச்சம் அரை சென்ரிமீற்றராகக் குறைந்தால் அடுத்த சோடிக்குத் தயாராகுங்கள். விலைகூடிய ஒரு சோடியை வருடம் முழுக்க இழுப்பதை விட, நடுத்தர விலையில் இரண்டு சோடி அந்தப் பிள்ளையின் காலுக்கு எவ்வளவோ மேல்.

இனி மாமியின் கவலை. சின்னப் பிள்ளைகளின் உள்ளங்காலில் கொழுப்பு அதிகம், தசைநார்கள் இளக்கம், அதனால் பாதம் தட்டையாகத் தெரிவது சாதாரணம். பலருக்கு 10 வயதுக்குள் வளைவு தானாக உருவாகும். மகனை நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது வளைவு தெரிந்து, வலியும் இல்லையென்றால் விசேஷச் சப்பாத்து தேவையில்லை. அந்தச் செலவு உங்களுக்கு மிச்சம். வலிக்கிறது என்றாலோ, நொண்டினாலோ, ஒரு பாதம் மட்டும் தட்டையாக இருந்தாலோ, நுனிக்காலில் நின்றும் வளைவு வராமல் பாதம் விறைப்பாக இருந்தாலோ டொக்டரிடம் காட்ட வேண்டும். சரியான சப்பாத்து மாற்றி ஒரு மாதமாகியும் விழுவது குறையாவிட்டாலும் அப்படித்தான். கொழும்பில் இருக்கும் உங்களுக்குப் பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை தூரமில்லை.

மழையையும் சொல்லியாக வேண்டும். மே தொடங்கினால் தென்மேல் பருவமழை, ஒக்டோபரில் பின்னேர இடிமழை. ஈரச் சப்பாத்துக்குள் ஊறிய தோல்தான் முதலில் உரிகிறது. புத்தகப்பையில் பருத்திச் சொக்ஸ் ஒரு சோடி கூடுதலாக இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் உள்தாளைக் கழற்றி, பழைய பத்திரிகையைச் சுருட்டித் திணித்து, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். பத்திரிகை நனைந்ததும் மாற்றுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் காய வைத்தால் தோல் சப்பாத்து விறைத்து வெடிக்கும். விரல் இடுக்குகளையும் துடைத்துவிடுங்கள், ஊறல் அங்கேதான் தொடங்கும்.

இப்போதிருக்கும் கொப்புளங்களை உடைக்க வேண்டாம். சுத்தமாகக் கழுவி, மேலே பிளாஸ்ரர் போட்டு, ஆறும்வரை குதி மூடாத செருப்போடு அனுப்ப முடியுமா என்று ரீச்சரிடம் ஒரு துண்டு எழுதிக் கேளுங்கள். சிவந்து சூடாகிச் சீழ் வைத்தால் டொக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், அந்தப் பெரிய சப்பாத்தை எறிந்துவிடாதீர்கள். பஞ்சை எடுத்துவிட்டு உள்நீளத்தை அளந்து பெட்டியின்மேல் எழுதி வையுங்கள். குதிப்பக்கம் நசுங்காமல், அடி ஒருபக்கம் தேயாமல் இருந்தால், மகனின் பாதம் அந்த நீளத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் குறைவாக வரும் தவணையில் அவன் அதையே போட்டுக்கொண்டு போகலாம்.