அம்மாவுடன் சிவனொளிபாதமலை: ஆகஸ்ட் வேண்டாம்

இலங்கையின் சிவனொளிபாதமலை உச்சியிலுள்ள புனிதப் பாதச்சுவடான ஸ்ரீபாதத்தைக் கும்பிட ஆசைப்படும், முழங்கால் வலியுள்ள அம்மாவை ஆகஸ்டில் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்போது வேண்டாம். யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாதப் பௌர்ணமியான வெசாக்கோடு முடிந்துவிடும். பிறகு மழைதான், படிகளில் வெளிச்சமும் இருக்காது, தேநீர்க் கடைகளும் பெரும்பாலும் மூடிக்கிடக்கும்.

ஜனவரி, பெப்ரவரியில் போயா (பௌர்ணமி விடுமுறை) இல்லாத வாரநாளாகப் பார்த்துப் போங்கள். இரத்தினபுரிப் பாதை நீளம். ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போய் ஏறுவதே அம்மாவுக்குச் சரி. அதிலும் 5,000-க்கு மேல் படிகள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம்பார்க்கும், ஊன்றுகோல் கட்டாயம்.

சூரிய உதயத்துக்காக அவரை அவசரப்படுத்தவே வேண்டாம், பாத தரிசனம்தானே முக்கியம். உச்சி 2,243 மீட்டர். விடியலில் குளிர் கடுமை, செருப்பையும் கழற்றவேண்டும். தடித்த காலுறை கொண்டுபோங்கள்.