கோட்லெஸ் மைக் ஒத்திகையில் சரியாக இருந்தது, நிகழ்ச்சியில் விட்டுவிட்டுக் கேட்கிறது. மலிவான செட் என்பதாலா?

மலிவு என்பதால் இருக்காது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் ஏழு வருடத்துக்கு முந்திய ஒரு பின்னேரம் அப்படியே கண்ணுக்குள் வந்துவிட்டது. அன்றைக்கு என்னிடமும் இதையேதான் கேட்டார்கள். கேள்வியாகக் கேட்கவில்லை, குற்றமாகச் சொன்னார்கள்.

மூன்று மணிக்கு வெறும் மண்டபத்தில் நான்கு மைக்கும் துல்லியமாகக் கேட்டது, ஆறு மணிக்குச் சனம் வந்தபிறகு இரண்டு இரைகிறது, ஒன்று இடையிடையே செத்துப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன நிகழ்ச்சி என்று எழுதவில்லை. பாடசாலைக் கலைவிழா அல்லது அரங்கேற்றம் என்று வைத்துக்கொள்கிறேன். சவுண்ட்காரருக்குக் கொடுக்கக் காசு இல்லை, "உங்களுக்குத்தானே இதெல்லாம் விளங்கும்" என்று உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள்.

நான் கொழும்பில் தமிழ் படிப்பிக்கிறேன், பதினான்கு வருடமாகப் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குகிறேன். ஒலிப் பொறியியல் படித்தவள் இல்லை. பிழை இருந்தால் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். ஆனால் "தெரியாதவர்கள் ஏன் பதில் எழுதுகிறீர்கள்" என்று மட்டும் யாரும் வரவேண்டாம். தெரிந்தவர்கள் ஒருவரும் எங்கள் பிள்ளைகளுக்கு வந்து மைக் கட்டிவிடவில்லை. அதனால்தான் நான் பழக வேண்டி வந்தது.

அந்த வருடம் கூத்துப் பாணியில் ஒரு நாடகம் செய்தோம். வெள்ளவத்தைப் பக்கம் ஒரு மண்டபம். ஆறு பிள்ளைகளுக்குக் கொலர் மைக். இரண்டு செட் பாடசாலையினது, நான்கு வாடகைக்கு எடுத்தது. எல்லாம் இடுப்பில் செருகும் பெட்டி, யூஎச்எஃப் என்ற வானொலி அலையில் ஓடுவது, அலைவரிசையை நாங்களே மாற்றிக்கொள்ளலாம். நான் கொப்பியில் கோடு போட்டு ஒழுங்காக எழுதினேன். அம்மா 520.0, மகள் 520.5, கதை சொல்லும் கட்டியக்காரன் 521.0, அப்படியே அரை அரை மெகாஹேர்ட்ஸ் கூட்டி 522.5 வரைக்கும். சம இடைவெளி விட்டால் ஒன்றோடொன்று முட்டாது என்று நினைத்தேன். மத்தியானம் ஒவ்வொரு பெட்டியாகப் போட்டு, பிள்ளையைப் பேசவைத்து, நிற்பாட்டி, அடுத்ததைப் போட்டேன். ஆறிலும் ஒரு குறை இல்லை.

பின்னேரம் மூன்றாவது காட்சி. தொலைந்த மகளைத் தாய் கண்டுபிடித்துக் கட்டிப்பிடிக்க வேண்டும். அந்த இரண்டு பிள்ளைகளும் ஓடிவந்து அணைத்துக்கொண்டார்கள். அதே நேரம் மேடையின் மற்ற மூலையில் நின்ற கட்டியக்காரன் விருத்தம் தொடங்கினான். குரல் வரவில்லை. "கர்ர்ர்" என்று ஒரு இரைச்சல், நடுவில் கீச்சுச் சத்தம். தாயும் மகளும் விலகினார்கள், அவன் குரல் திரும்பி வந்தது. மறுபடி அணைத்தார்கள், மறுபடி போய்விட்டது. நான் மண்டபத்தின் கடைசியில் மிக்சருக்குப் பக்கத்தில் நின்று அவனுடைய சத்தத்தைக் கூட்டிக்கூட்டிப் பார்த்தேன். இரைச்சல்தான் கூடியது. தரம் எட்டுப் பிள்ளை. ஒரு கையால் கொலரைப் பொத்திப் பிடித்துக்கொண்டு மேடை விளிம்புக்கு வந்து, மைக் இல்லாமல் தொண்டை கிழியப் பாடி முடித்தான்.

முடிந்ததும் அவனுடைய அப்பா எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் கேட்டார். "காசை மிச்சம் பிடிக்க மலிவு மைக்கை எடுத்து என்ர பிள்ளையின்ர பாட்டைக் கெடுத்திட்டீங்கள், டீச்சர்." என்னிடம் பதில் இல்லை. "விடுங்கோ அப்பா" என்று அவன்தான் சொன்னான்.

வானொலியில் தொழில்நுட்பப் பகுதியில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா எங்கள் ஒழுங்கையில் இருந்தார். அடுத்த ஞாயிறு அவரிடம் போனேன். மைக்கின் விலையை அவர் கேட்கவே இல்லை. "என்ன அலைவரிசை வைச்சனீர்? கொப்பியைக் காட்டும்" என்றார். பார்த்துவிட்டு ஓரத்தில் கணக்கு எழுதினார். 520.5ஐ இரண்டால் பெருக்கினால் 1041. அதில் 520ஐக் கழித்தால் 521. "இது ஆரின்ர மைக்?" "கட்டியக்காரன்ர ஐயா." அந்த 521க்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

விசயம் இதுதான். இரண்டு ட்ரான்ஸ்மிட்டர், அதாவது அலை அனுப்பும் அந்த இடுப்புப் பெட்டிகள், மிகக் கிட்ட வரும்போது ஒன்றின் அலை மற்றதன் சுற்றுக்குள் நுழைந்து கலந்து, இல்லாத மூன்றாவது அலையை உண்டாக்கும். ஒன்றின் இரு மடங்கிலிருந்து மற்றதைக் கழித்த எண்ணில் அது வந்து விழும். சம இடைவெளியில் வைத்தால் அது சரியாக அடுத்த பிள்ளையின் மைக்கில்தான் விழும். தாயும் மகளும் அணைத்தபோது இரண்டு பெட்டிகளும் ஒட்டிக்கொண்டன, அடி வாங்கியது தூரத்தில் நின்ற கட்டியக்காரன். நான் மத்தியானம் ஒவ்வொன்றாகச் சோதித்ததால் இது தெரியவே இல்லை. "பிள்ளை, நீர் இதை மைக் எண்டு நினைக்கிறீர். இது ஒரு சின்ன வானொலி நிலையம். 1925இல கொழும்பில ஒண்டோடதான் தொடங்கினது. நீர் ஒரு மேடையில ஆறு வைச்சிருக்கிறீர்" என்றார் ஐயா.

"நல்ல கொம்பனிச் செட்டில் இந்தப் பிரச்சினை வராது" என்று இப்போது ஒருவர் வந்து சொல்வார். சம இடைவெளியிலும் ஓடக்கூடிய விலை கூடிய டிஜிட்டல் செட்டுகள் இருக்கின்றன, எனக்குத் தெரியும். எந்தத் தமிழ்ப் பாடசாலையிடம் அதற்குக் காசு இருக்கிறது? சாதாரண செட்டை இரண்டு மடங்கு விலைக்கு வாங்கி, நான் எழுதிய அதே எண்களை வைத்தால் அதே இடத்தில் அதே இரைச்சல்தான் வரும்.

ஆகவே அலைவரிசையில் தொடங்குங்கள். எல்லாம் ஒரே கொம்பனியின் ஒரே வரிசை செட் என்றால் மெனுவில் குரூப், சானல் என்று இருக்கும். ஒரே குரூப்பில் வெவ்வேறு சானல் எடுங்கள், முட்டாத எண்களை அவர்களே கணக்குப் பார்த்து அடுக்கியிருப்பார்கள். வேறு வேறு கொம்பனி என்றால் இடைவெளியைச் சமமாக விடாதீர்கள். நான்கு மைக்குக்கு 520.0, 520.5, 521.3, 523.2 என்று வைத்துப் பெருக்கிக் கழித்துப் பாருங்கள், ஒன்று மற்றதில் விழாது. அந்த எண்களையே எடுக்க வேண்டும் என்றில்லை. கொழும்பில் ரீவி நிலையங்களும் யூஎச்எஃப்பில் இருக்கின்றன, எது காலி என்று முதலில் பார்க்க வேண்டும். ட்ரான்ஸ்மிட்டர் எல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டு, அலையைப் பிடிக்கும் ரிசீவரை மட்டும் போட்டு ஸ்கான் பண்ணுங்கள். ட்ரான்ஸ்மிட்டர் நின்றிருக்கும்போதே ரிசீவரில் சிக்னல் கோடு ஏறினால் அந்த இடத்தில் வேறு யாரோ இருக்கிறார்கள். காலியான இடத்தை எடுத்து, பெட்டிகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள், போட்டதை நிற்பாட்டாதீர்கள். கடைசியில் எல்லாம் ஓடும்போது பிள்ளைகளைக் கட்டிப்பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இனி உங்கள் மூன்று மணி, ஆறு மணிக் கதை. ரிசீவரை எங்கே வைத்தீர்கள்? மண்டபத்தின் கடைசியில், மிக்சருக்குப் பக்கத்தில் மேசையில் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், இந்த அலையை அது குடித்துவிடும். வெறும் மண்டபத்தில் மேடைக்கும் ரிசீவருக்கும் இடையில் ஒன்றும் இல்லை. ஆறு மணிக்கு முந்நூறு பேர் நிற்கிறார்கள், நடக்கிறார்கள். ரிசீவரை மேடையின் பக்கத்துக்குக் கொண்டுபோய்த் தலைக்கு மேலான உயரத்தில் வையுங்கள். இரண்டு அன்ரெனாவையும் ஆங்கில வீ எழுத்து மாதிரி விரித்துவிடுங்கள். அங்கிருந்து மிக்சருக்கு நீள எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் மைக்) வயர் இழுங்கள். வயர் நீண்டால் ஒன்றும் கெடாது, அலை போகும் தூரம் நீண்டால்தான் கெடும். உங்களுடையது 2.4 கிகாஹேர்ட்ஸ் செட் என்றால் இன்னொரு கரைச்சலும் இருக்கிறது. வைஃபை, புளூடூத் எல்லாம் அதே இடத்தில்தான் ஓடுகின்றன, வந்த அத்தனை பேர் பையிலும் போன் இருக்கிறது.

அடுத்தது பெட்டியிலிருந்து தொங்கும் அன்ரெனா வால். 500 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 60 சென்ரிமீற்றர், அதில் கால் பங்கு 15. அந்தக் கணக்கில்தான் வாலை வெட்டியிருப்பார்கள். ஒருமுறை தாயாக நடித்த பிள்ளைக்கு உடுப்பு மாற்றும்போது பெட்டியைச் சேலைக் கொசுவத்துக்குள் செருகி, வாலை மடித்து, மிஞ்சிய மைக் வயரை அதன் மேலேயே சுற்றி, சேலை ஊசியும் குத்திவிட்டிருந்தார்கள். திறந்து பார்த்தபோது பெட்டி முழுக்க வியர்வை, வால் நான்காக மடிந்து கிடந்தது. அப்படி இருந்தால் பத்தடி போகாது. இப்போது மிஞ்சிய சீருடைத் துணியில் சின்னப் பைகள் தைத்து வைத்திருக்கிறேன். பெட்டி அதற்குள், வால் நேராக வெளியே, தோலில் படாமல். கை மைக்கில் அன்ரெனா பெரும்பாலும் அடிப்பக்கம் இருக்கும், அதைப் பொத்திப் பிடித்தால் சிக்னல் குறையும். மேல் வலையைப் பொத்தினால் கூவும்.

சத்த அளவை முதலில் பெட்டியில் சரிசெய்யுங்கள், பிறகு மிக்சரில். பிள்ளையை அந்த நாடகத்தில் வரும் மிகப் பெரிய கத்தலைக் கத்தச் சொல்லுங்கள். பெட்டியில் சிவப்பு எரிந்தால் கெயினைக் குறையுங்கள். "ஹலோ, ஒன்று, இரண்டு" என்று மெதுவாகச் சொல்லவைத்துப் பார்த்தால் மேடையில் உடையும். மிக்சரில் அந்த மைக்கை இறக்கிவிட்டுத்தான் பெட்டியை நிற்பாட்ட வேண்டும், இல்லாவிட்டால் "டம்" என்று அடிக்கும். பூட்டு வசதி இருந்தால் பூட்டுங்கள், பிள்ளைகளின் கை சும்மா இருக்காது.

இடையிடையே செத்துப்போகிற அந்த ஒன்றுக்குப் பற்றரியும் காரணமாக இருக்கலாம். ஒரு வருடம் ஒரு தகப்பன் அன்போடு ஒரு பெட்டி ஏஏ பற்றரி வாங்கித் தந்தார். ரீவி ரிமோட்டுக்குப் போடும் சாதாரண பற்றரி, அல்கலைன் இல்லை. ரிமோட்டுக்கு அது வருடக்கணக்கில் போதும். தொடர்ந்து அலை அனுப்பும் பெட்டிக்குக் காணாது. சார்ஜ் பண்ணுவதென்றால் அது 1.2 வோல்ட், மெனுவில் பற்றரி வகையை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பெட்டி காட்டும் அளவு பிழையாக இருக்கும்.

நிகழ்ச்சி நேரத்துக்குத் தொடங்கியிருந்தால் அந்தப் பற்றரி ஒருவேளை தாக்குப்பிடித்திருக்கும். அழைப்பிதழில் நாடகம் ஐந்தரைக்கு. உடுப்புப் போட்டபின் பெட்டியைத் தொட முடியாததால் நாலேகாலுக்கே கட்டிப் போட்டுவிட்டேன். ஏழு பத்துக்குத்தான் மேடை கிடைத்தது. இடையில் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பதினொரு பேருக்குப் பொன்னாடை. போர்த்துவதற்கு ஒருவர், அவரை அழைப்பதற்கு ஒருவர், படம் எடுக்கும்வரை எல்லோரும் அசையாமல் நிற்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் முகப்பூச்சு அழிந்துவிடும் என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் மேடைக்குப் பின்னால் நிலத்தில் இருந்தார்கள். ஒருத்தி நித்திரையாகிவிட்டாள். மூன்று மாதம் பழகிய பிள்ளைகளுக்குக் கடைசியில் "நேரம் போய்விட்டது, சுருக்குங்கள்" என்று துண்டு வந்தது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லாமல் இதை எழுதுகிறேன் என்று தெரியும். ஆனால் எங்கள் விழாக்களை நடத்துகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், பொன்னாடையைப் பிள்ளைகளின் நிகழ்ச்சி முடிந்தபிறகு போர்த்துங்கள். பெரியவர்களுக்குக் காத்திருக்க முடியும். அந்த நாளுக்குப் பிறகு நான் மேடைக்கு ஏறப் பத்து நிமிடம் இருக்கும்போது எல்லாப் பெட்டிக்கும் புதுப் பற்றரி போடுகிறேன். பையின் வாயை மேல் பக்கம் வைத்துத் தைத்தது அதற்காகத்தான்.

வாங்கும் எண்ணம் இருந்தால் ஒன்று. வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்பும் செட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். அமெரிக்காவில் 600 மெகாஹேர்ட்ஸில் பெரும்பகுதியைத் தொலைபேசிக் கொம்பனிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2020 ஜூலை 13க்குப் பிறகு அங்கே அந்த இடத்தில் வயர்லெஸ் மைக் பாவிக்கக் கூடாது, அதனால் அந்தப் பழைய செட்டுகள் மலிவாகக் கைமாறுகின்றன. அலைவரிசைகளுக்கு இங்கே பொறுப்பு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. எந்த அலைவரிசைக்கு அனுமதி என்று அவர்களிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினாலும் பெட்டியைத் திருப்பி அலைவரிசை எண்ணைப் பாருங்கள். கடைக்காரர் சொல்கிறார் என்று விடாதீர்கள்.

உங்கள் நான்கு பெட்டிகளின் பின்பக்கமும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதிலுள்ள எண்ணையும், அன்றைக்கு எந்த அலைவரிசையில் வைத்தீர்கள் என்பதையும், ரிசீவர் இருந்த இடத்தையும் கீழே எழுதுங்கள். எனக்குச் சனிக்கிழமை பின்னேர வகுப்பு இல்லை, கொப்பியை எடுத்துப் பெருக்கிக் கழித்துப் பார்த்துச் சொல்கிறேன்.