இரண்டிலும் 1500, ஆனாலும் எக்ஸ்ஸ்டார்ட்டைத் தாண்டாத ஓஎஸ்பிஎஃப்

கேள்வி: தலைமை அலுவலகத்தில் சிஸ்கோ ரவுட்டர். கிளையில் இருந்த பழைய ரவுட்டரை எடுத்துவிட்டு ஜூனிப்பர் வைத்தோம். அன்றிலிருந்து ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தங்களுக்குள் வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை) ஏற மாட்டேன் என்கிறது. நெய்பர் (எதிர்ப்பக்க ரவுட்டர்) எக்ஸ்ஸ்டார்ட் என்ற இடைநிலை வரை வந்து, இரண்டு நிமிடம் போல நின்று, விழுந்து, மறுபடி வருகிறது. ஏரியா, டைமர், பாஸ்வேர்டு எல்லாம் பார்த்துவிட்டேன். எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, பைட்டில்) இரண்டிலும் 1500தான். பிங் நன்றாகப் போகிறது. இப்போதைக்கு கையால் எழுதிய ஸ்டேட்டிக் ரூட்டில் ஓடுகிறது. எங்கே தவறு?

பதில்: ஏரியா, டைமர், பாஸ்வேர்டு மூன்றையும் நீங்கள் பார்த்திருக்கவே தேவையில்லை. அவை ரவுட்டர்கள் முதலில் அனுப்பிக்கொள்ளும் ஹலோ பாக்கெட்டிலேயே ஒப்பிடப்படுகின்றன. ஒன்று பிசகினாலும் எக்ஸ்ஸ்டார்ட் வரை வந்திருக்காது. நெய்பர் எந்த நிலையில் நிற்கிறது என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும். அதற்கு முந்தைய இனிட் நிலையில் நின்றால் நாம் பேசுவது எதிர்ப்பக்கம் கேட்கவில்லை. எக்ஸ்ஸ்டார்ட்டில் நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது எம்டியுவைத்தான்.

‘அதுதான் 1500 போட்டிருக்கிறேனே’ என்பீர்கள். சிக்கலே அந்த 1500இல்தான் இருக்கிறது. சிஸ்கோவின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில் இன்டர்ஃபேஸ் எம்டியு 1500 என்றால் உள்ளே போகும் ஐபி பாக்கெட்டின் அளவு 1500. ஜூனிப்பர், ஈதர்நெட் ஹெடரின் 14 பைட்டையும் சேர்த்தே கணக்கிடுகிறது. அங்கே நீங்கள் கையால் 1500 என்று எழுதியதும் ஐபிக்கு மிஞ்சியது 1486. விஎல்ஏஎன் டேக் (ஒரே கேபிளில் பல நெட்வொர்க்கைப் பிரித்துக் காட்டும் அடையாளம்) இருந்தால் இன்னும் 4 குறையும். இரண்டு கணக்கும் அதனதன் வழியில் சரியானவைதான். ஆனால் எண்ணை அப்படியே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுக்கக் கூடாது.

ஹலோவில் எம்டியு பற்றிய பேச்சே கிடையாது. எக்ஸ்ஸ்டார்ட்டில் இரண்டு ரவுட்டரும் டிபிடி (தங்கள் டேட்டாபேஸின் சுருக்கத்தைச் சொல்லும்) பாக்கெட் அனுப்பி, யார் மாஸ்டர் என்று முடிவு செய்யும்போதுதான் தங்கள் எம்டியுவை முதன்முதலாகச் சொல்கின்றன. எதிராளி சொல்லும் அளவு தன்னால் வாங்க முடிந்ததைவிடப் பெரியது என்றால் அந்த டிபிடியை நிராகரித்துவிட வேண்டும். ஓஎஸ்பிஎஃப்பின் விதிகளை வகுக்கும் ஆவணமான, 1998இல் வந்த ஆர்எஃப்சி 2328 சொல்வது இது. ஆக, உங்கள் ஜூனிப்பர் சத்தமில்லாமல் மறுத்துக்கொண்டிருக்கிறது. சிஸ்கோ 5 நொடிக்கு ஒருமுறை மறுபடி அனுப்பிப் பார்த்து, கடைசியில் ‘டூ மெனி ரீட்ரான்ஸ்மிஷன்ஸ்’ என்று லாகில் எழுதிவிட்டு விலகுகிறது. அந்த இரண்டு நிமிடக் கணக்கு இதுதான்.

பிங்கை நம்பி ஏமாறுவது எல்லோருக்கும் நடப்பது. சிஸ்கோவில் சும்மா பிங் அடித்தால் போவது 100 பைட். அந்தச் சின்னப் பொட்டலம் எந்த ஓட்டையிலும் நுழைந்துவிடும். ஜூனிப்பரிலிருந்து சைஸ் 1472 கொடுத்து, டூ-நாட்-ஃபிராக்மென்ட் சேர்த்து அடித்துப் பாருங்கள், போகாது. 1458 போகும். (ஜூனிப்பரின் சைஸில் ஐபி, ஐசிஎம்பி ஹெடர்களின் 28 பைட் சேராது. சிஸ்கோவின் சைஸில் சேரும். இதிலும் ஒற்றுமை இல்லை, என்ன செய்வது!) ‘ஷோ இன்டர்ஃபேசஸ்’ அடித்து, ‘புரோட்டோகால் இனெட்’ என்ற வரியில் உள்ள எம்டியுவையும் பாருங்கள். ஒப்பிட வேண்டிய எண் அதுதான்.

தீர்வு ஒரு வரி: ஜூனிப்பரில் நீங்கள் எழுதிய எம்டியு வரியை அழித்துவிட்டு கமிட் செய்யுங்கள். எழுதாமல் விட்டால் அதுவே 1514 எடுத்துக்கொண்டு ஐபிக்கு 1500 தரும்.

சிஸ்கோவில் ‘ஐபி ஓஎஸ்பிஎஃப் எம்டியு-இக்னோர்’ (எம்டியுவை ஒப்பிடாதே என்ற கட்டளை) போடச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். மறுப்பது ஜூனிப்பர் என்பதால் உங்களுக்கு அது உதவாது. அது வேலை செய்யும் இடங்களில்கூட எனக்கு அதில் விருப்பம் இல்லை. இன்று நெய்பர் ஃபுல் (முழுமையாக இணைந்த நிலை) ஆகிவிடும். அப்புறம் ஒரு நாள் டேட்டாபேஸ் வளர்ந்து, பெரிய அப்டேட் பாக்கெட் வழியில் தொலைந்து, ஃபுல்லுக்கு முந்தைய லோடிங் நிலையில் மாட்டிக்கொள்ளும். அப்போது இந்த வரியை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

எண்கள் பொருந்திய பிறகும் நகரவில்லை என்றால் நடுவில் ஃபயர்வால் ஃபில்டர் இருக்கிறதா பாருங்கள். ஹலோ 224.0.0.5 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்குப் போகிறது. ஈதர்நெட்டில் டிபிடி நேராக எதிராளியின் முகவரிக்கே போகும். ஒன்றை அனுமதித்து மற்றதைத் தடுக்கும் ஃபில்டர்களை நானே எழுதி, ஓர் இரவு முழுக்க ஃபைபர் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன்.

ஃபுல் வந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். சிஸ்கோவில் பழைய கான்ஃபிக்கில் ‘பாயின்ட்-டு-பாயின்ட்’ என்று நெட்வொர்க் டைப் இருந்து, ஜூனிப்பர் அதன் வழக்கமான பிராட்காஸ்டில் இருந்தால், ஹலோ, டெட் டைமர்கள் இரண்டிலும் 10, 40 நொடி என்பதால் நெய்பர் ஃபுல் காட்டும், ரூட் மட்டும் டேபிளில் ஏறாது. ஒரே டைப்பாக வையுங்கள்.

நீங்கள் போட்ட ஸ்டேட்டிக் ரூட் இருக்கும்வரை இதையும் கண்டுபிடிக்க முடியாது. சிஸ்கோவில் ஸ்டேட்டிக்கின் தூரம் (எந்த வழியை முதலில் நம்புவது என்ற எண், சின்னதுதான் ஜெயிக்கும்) 1, ஓஎஸ்பிஎஃப்பின் தூரம் 110. ஜூனிப்பரில் அதற்குப் பெயர் பிரிஃபரன்ஸ், அங்கே 5, 10. இரண்டிலும் ஸ்டேட்டிக்தான் ஜெயிக்கும். வேலை நேரம் முடிந்த பின் சிஸ்கோவில் அதன் தூரத்தை 250 ஆக்குங்கள், ஜூனிப்பரில் பிரிஃபரன்ஸை 250 ஆக்குங்கள். டேபிளில் ஓஎஸ்பிஎஃப் ரூட் வந்து உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு ஸ்டேட்டிக்கை அழித்துவிடுங்கள்.